வெளிநாட்டுக் கடற்படைப் பயிற்சியை மீனவர்கள் அடிதடி இல்லாமலே நிறுத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா? நம் கடலில் அப்படி நடக்குமா?

உண்மைதான், ஆனால் வாட்ஸப்பில் சுற்றும் மாதிரி இல்லை. ரஷ்யப் போர்க்கப்பல்களை மீன்பிடிப் படகுகள் நடுக்கடலில் சுற்றி வளைத்து விரட்டியதாக ஒரு கதை ஓடுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது 2022 ஜனவரி கடைசியில், அயர்லாந்தில். தென்மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளி, பிப்ரவரி 3 முதல் 8 வரை பயிற்சி நடத்தப் போவதாக ரஷ்யா அறிவித்தது. அந்தப் பக்கம் தொழில் செய்யும் மீனவர்கள், ‘அந்த நாட்களிலும் நாங்கள் அங்கேதான் மீன் பிடிப்போம்’ என்றார்கள். ஜனவரி 29 இரவு, பயிற்சியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வதாக ரஷ்யா சொல்லிவிட்டது. போராட்டத்துக்கென்று ஒரு படகுகூடக் கிளம்பத் தேவைப்படவில்லை.

நான் பிழைப்புக்காக அயர்லாந்தின் தெற்கே கார்க் நகரத்தில் இருப்பவன். சொந்த ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. வீட்டில் எனக்கு முந்தைய தலைமுறை முழுக்கக் கடல்தொழில். அதனால் அந்த வாரம் ஆபீஸில் எல்லோரும் இதைத் தமாஷாகப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அது தமாஷாகப் படவில்லை.

முதலில் சட்டம். இங்கேதான் பலருக்குக் குழப்பம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் சொந்தக் கடல். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை, அதாவது 370 கிலோமீட்டர் வரை, இருப்பது பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். நம் ஊர்க் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுப்பது போலத்தான் அது. மீன் குத்தகைக்காரருக்கு. ஆனால் கண்மாயில் குளிக்க வருகிறவனையும் மாடு கழுவ வருகிறவனையும் அவர் தடுக்க முடியாது. 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, இந்த மண்டலத்துக்குள் மற்ற நாட்டுக் கப்பல்கள் போய்வரும் சுதந்திரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அந்தச் சுதந்திரத்தில் போர்ப்பயிற்சியும் அடங்கும் என்பது அமெரிக்கா, ரஷ்யா போன்ற பெரிய கடற்படை வைத்திருக்கும் நாடுகளின் வாதம். ஆகவே அயர்லாந்து அரசால் ‘வராதே’ என்று உத்தரவு போட முடியவில்லை. அன்றைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோவனி, சட்டப்படி அவர்கள் செய்யலாம், ஆனால் இப்போது வரவேற்பு இல்லை என்ற தொனியில்தான் பேசினார். உக்ரைன் எல்லையில் ரஷ்யப் படைகள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. அயர்லாந்தோ எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு. போர் விமானம் கிடையாது, நீர்மூழ்கி கிடையாது. கடற்படை என்று இருப்பது சில ரோந்துக் கப்பல்கள், அதற்கும் ஆள் பற்றாக்குறை.

அரசிடம் இல்லாத பிடிமானம் மீனவர்களிடம் இருந்தது. கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் காசில்டவுன்பேர் என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து இயங்கும் அயர்லாந்து தெற்கு, மேற்கு மீன் உற்பத்தியாளர் அமைப்பின் தலைமை நிர்வாகி பேட்ரிக் மர்ஃபி ஊடகங்களிடம் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம். எங்கள் படகுகள் முறை வைத்துக்கொண்டு அங்கே போகும். ஒன்று கரைக்குத் திரும்பினால் இன்னொன்று அந்த இடத்துக்குப் போகும். நாங்கள் மீன்தான் பிடிக்கப் போகிறோம், எங்கள் பிழைப்பு அங்கே இருக்கிறது. அவ்வளவுதான். ‘கப்பலை மறிப்போம்’ என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

இதில் இருக்கும் சூட்சுமம் கடல்தொழில் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். கடலில் மோதல் தவிர்ப்பதற்கென்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட சாலை விதிகள் மாதிரியான விதிகள் உண்டு. அதில் 18-ஆவது விதிப்படி, வலை போட்டு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு, இன்ஜினில் ஓடும் மற்ற கப்பல்தான் வழிவிட்டு ஒதுங்க வேண்டும். படகு மடி, அதாவது இழுவை வலை, இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் பகலில் நுனியோடு நுனி சேர்த்துக் கட்டிய இரண்டு கருப்புக் கூம்புகள். ராத்திரியில் மேலே பச்சை விளக்கு, அதற்குக் கீழே வெள்ளை விளக்கு. அந்த இரண்டு விளக்கையும் பார்த்தால் எவ்வளவு பெரிய போர்க்கப்பலும் சாதாரணமாகப் போகும்போது ஒதுங்கித்தான் ஆக வேண்டும். விமானம் ஏற்றி இறக்கும் கப்பல், கண்ணிவெடி அகற்றும் கப்பல் என்று அசைய முடியாத வேலையில் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. அதற்கு மேல், நடுக்கடலில் பயிற்சி நடத்தும் நாடு ‘ஆபத்து, தள்ளி இருங்கள்’ என்று எச்சரிக்கலாமே தவிர, அந்தக் கடலைப் பூட்டுப் போட்டு மூட அதற்கு உரிமை இல்லை. மீன்பிடிப் படகு உள்ளே நிற்கும்போது ஏவுகணை விட எந்தக் கேப்டனுக்குத் தைரியம் வரும்?

ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு விதி நம்பரெல்லாம் தெரியாது. “மடிய வலிச்சிட்டு நிக்கியவன் எங்க மக்கா ஒதுங்குவான்? வந்தவன்லா ஒதுங்கணும்” என்றார். 18-ஆவது விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

பயமும் நிஜமானது. அயர்லாந்து மீனவர்களுக்கு நீர்மூழ்கி என்றால் வெறும் செய்தி இல்லை. 1982 ஏப்ரலில் ‘ஷரெல்கா’ என்ற அயர்லாந்துப் படகு ஐரிஷ் கடலில் மடி இழுத்துக்கொண்டிருந்தபோது, வலையில் ஏதோ மாட்டி, படகு பின்பக்கமாக இழுபட்டு மூழ்கிப்போனது. ஆட்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். மாட்டியது பிரிட்டனின் ‘போர்பாய்ஸ்’ நீர்மூழ்கி என்று பிரிட்டன் பிறகுதான் ஒப்புக்கொண்டது. 1990 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளைட் கழிமுகத்தில் ‘அன்டாரெஸ்’ படகுக்கு அதே கதி. அதில் இருந்த நாலு பேரும் இறந்துபோனார்கள். அங்கே வலையில் மாட்டியது பிரிட்டனின் ‘ட்ரெஞ்சன்ட்’. 2015-இல் வட அயர்லாந்துப் படகு ஒன்றையும் பிரிட்டிஷ் நீர்மூழ்கி இழுத்துச் சேதப்படுத்தியது. இழுவைமடியின் இரும்புக் கயிறு லேசில் அறுபடாது, கயிறு சுற்றும் வின்ச்சை விடுவிக்கப் பெரும்பாலும் நேரம் கிடைக்காது, அதுதான் இதில் உள்ள பயங்கரம். கவனித்தீர்களா, மூன்றுமே ரஷ்யா இல்லை.

பிப்ரவரி, மார்ச் என்பது அயர்லாந்துக்கு மேற்கே புளூ வைட்டிங் என்ற மீன் கூட்டம் கூட்டமாக வந்து முட்டையிடும் பருவம். தண்ணீருக்கடியில் ஒலி அனுப்பித் தேடும் சோனார் கருவியின் சத்தமும் வெடிகளும் மீன் கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பது அவர்களுடைய இன்னொரு கவலை. இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. பிரெக்சிட் ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்த மீன் பங்கில் அயர்லாந்துக்கு விழுந்த வெட்டு, மதிப்பில் கிட்டத்தட்ட 15 சதவீதம். அந்தக் கோபத்தில் 2021 மே மாதம் கார்க் துறைமுகத்திலும், ஜூன் மாதம் டப்ளினிலும் படகுகளை வரிசையாக ஓட்டி ஊர்வலம் நடத்தியிருந்தார்கள். எனவே ‘நாங்கள் படகோடு வருவோம்’ என்று இவர்கள் சொன்னால் அது வெற்று மிரட்டல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 27 அன்று மர்ஃபியும், மீன் பதப்படுத்துவோர்-ஏற்றுமதியாளர் சங்கத்தின் பிரெண்டன் பைர்னும் டப்ளினில் உள்ள ரஷ்யத் தூதரகத்துக்கே போய்த் தூதர் யூரி ஃபிலடோவைச் சந்தித்தார்கள். வெளியே வந்து, எங்கள் மீன்பிடி இடத்துக்கும் பயிற்சி இடத்துக்கும் நடுவே இடைவெளி விட ஒத்துக்கொண்டார்கள் என்றார்கள். தூதரகமோ அப்படி உத்தரவாதம் எதுவும் தரவில்லை என்றது. ஆத்திரமூட்டும் செயலில் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. இரண்டே நாளில் எல்லாம் தலைகீழ். பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் ஷோய்கு நல்லெண்ண அடையாளமாக, பயிற்சியை அயர்லாந்தின் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே மாற்ற முடிவு செய்துவிட்டார் என்று அறிக்கை. அந்த அறிக்கையில் அயர்லாந்து அரசின் கோரிக்கையோடு மீனவர் அமைப்பின் கோரிக்கையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு மீனவர் சங்கத்தின் பெயர் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சரின் முடிவோடு சேர்ந்து அச்சாவது லேசான காரியமா?

என் கணிப்பு என்னவென்றால், முடிவுக்கு மீனவர்கள் மட்டும் காரணம் இல்லை. ரஷ்யாவுக்கு இதில் நஷ்டமே இல்லை. இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போனால் போதும், கூடவே ‘நாங்கள் நல்லவர்கள்’ என்று பேர். சரியாக 24 பிப்ரவரி அன்று உக்ரைனுக்குள் படை நுழைந்ததைப் பார்த்தால் அந்த நல்லெண்ணத்தின் எடை எவ்வளவு என்று தெரியும். ஆனால் பணிந்துபோவதற்கு ஒரு கௌரவமான சாக்கை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் மீனவர்கள்தான். இன்னொரு அரசு மிரட்டி இடம் மாற்றினால் மானக்கேடு. ஏழை மீனவன் கேட்டான், மாற்றினோம் என்றால் பெருந்தன்மை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. காசில்டவுன்பேர் போயிருக்கிறேன். எதிரே பேர் தீவு. 1938 வரை அந்தத் தீவில் இருந்த துறைமுகத்தை பிரிட்டிஷ் கடற்படை தன் கையில்தான் வைத்திருந்தது, அதாவது அயர்லாந்து சுதந்திரம் வாங்கியும் பதினாறு வருஷம். துறையில் கட்டியிருந்த படகுகளில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் பிலிப்பைன்ஸ்காரர்களும் எகிப்துக்காரர்களும் இருந்தார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் இவர்களுக்காக அயர்லாந்து 2016-இல் தனி அனுமதித் திட்டமே கொண்டுவந்தது. படகு அந்தப் பயிற்சி மண்டலத்துக்குள் போயிருந்தால் டெக்கில் நின்றிருக்கப் போவது இவர்களும்தான். தொலைக்காட்சியில் முதலாளிகளையும் சங்கத் தலைவர்களையும் பார்த்தேன், இவர்களில் ஒருவரிடம் யாரும் மைக் நீட்டிப் பார்க்கவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. போர்ட்டோ ரிக்கோவின் வியேகஸ் தீவில் 1978 பிப்ரவரியில், கார்லோஸ் செனோன் தலைமையில் மீனவர்கள் சின்னச் சின்னப் படகுகளில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிக் கடலுக்குள்ளேயே நுழைந்து போர்க்கப்பல்களுக்கு முன்னால் நின்றார்கள். அது அமெரிக்க ஆட்சிப் பகுதி என்பதால் ‘வெளிநாட்டு’ என்ற சொல் அங்கே விவாதத்துக்குரியது. அயர்லாந்து மாதிரி அவர்களுக்கு வெற்றி சில நாளில் வரவில்லை. 1999-இல் குறிதவறிய குண்டில் உள்ளூர்க் காவலாளி ஒருவர் செத்த பிறகு தீவே கொதித்தெழுந்து, 2003 மே 1 அன்றுதான் கடற்படை பயிற்சித் தளத்தைக் காலி செய்தது.

இனி நம் கடல். சட்டத்தில் இந்தியாவின் நிலைப்பாடு அயர்லாந்தை விடக் கறாரானது. 1995-இல் கடல் சட்ட உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டபோதே, எங்கள் பொருளாதார மண்டலத்தில் எங்கள் சம்மதம் இல்லாமல் வேறு நாடு ராணுவப் பயிற்சி நடத்த, குறிப்பாக ஆயுதமும் வெடிபொருளும் பயன்படுத்த, இந்த உடன்படிக்கை அனுமதி தரவில்லை என்று இந்தியா எழுதிக்கொடுத்திருக்கிறது. அமெரிக்கா அதை ஏற்பதில்லை. 2021 ஏப்ரல் 7 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஜான் பால் ஜோன்ஸ்’ லட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைல் தூரத்தில் அனுமதி கேட்காமல் போனது. போனதோடு நிற்காமல் அவர்களுடைய ஏழாவது கடற்படைப் பிரிவு அதை அறிக்கையாகவும் வெளியிட்டது. டெல்லி தூதரக வழியில் கவலை தெரிவித்தது. அத்தோடு முடிந்தது.

லட்சத்தீவுப் பக்கம் தங்கல் போய், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி, சூரையும் சுறாவும் பிடிப்பவர்களில் எங்கள் மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்துக்காரர்கள் ஏராளம். அவர்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டால், அது பயிற்சி இல்லை, வெறுமனே கடந்துபோனது. வந்தது போன பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அயர்லாந்தில் ரஷ்யா தேதியும் இடமும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டியிருந்தது. ஆறு நாள் அந்த வான்வெளியில் விமானங்கள் விலக வேண்டும், அதனால் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தகவல் போனது, அங்கிருந்து துறைமுகம் வரை செய்தி வந்தது. மீனவர்களுக்குக் கையில் பத்து நாள் கிடைத்தது. நம் பக்கம் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படி வரும் அறிவிப்பு ஆழ்கடலில் இருபது, முப்பது நாள் தங்கலில் இருக்கும் படகுக்கு நேரத்தோடு போய்ச் சேருமா என்பதுதான் எனக்கு இருக்கும் சந்தேகம்.