ஹமில்டன் கிழக்கின் பொப் மக்கென்சி: கேள்வி பதில்

பொப் மக்கென்சி 1975 முதல் 1995 வரை, இரும்பாலை நகரமான ஹமில்டனின் கிழக்குத் தொகுதி சார்பில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தார். கட்சி என்டிபி, அதாவது புதிய ஜனநாயகக் கட்சி. 1990 முதல் 1994 வரை தொழிலாளர் துறை அமைச்சர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, இவர் உலையில் வேலை செய்தவரா?

இவர் இரும்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் ஊழியராக இருந்து அரசியலுக்கு வந்தவர், தம்பி. இவருக்கு முன் அந்தத் தொகுதியில் இருந்த ரெக் கிஸ்போர்ன்தான் ஹமில்டனின் ஸ்டெல்கோ இரும்பாலைத் தொழிலாளி. 1955இல் சட்டமன்றத்துக்குப் போய் 1975 வரை இருந்தார். இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை பிடிபடும்.

இரும்பாலைச் சங்கத்துக்கு அங்கே ஏன் அவ்வளவு செல்வாக்கு?

1946தான் காரணம். ஸ்டெல்கோவில் ஜூலை நடுவில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது. நிர்வாகம் ஆலையை மூடவில்லை. கருங்காலிகளை உள்ளேயே தங்கவைத்து வேலை வாங்கியது. வாசலில் மறியல் நடந்ததால் சாப்பாடு படகிலும் விமானத்திலும் உள்ளே போனது. வெளியே நின்றவன் பட்டினி கிடக்க, உள்ளே அவன் இடத்தில் வேறொருவன். கடைசியில் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அந்தக் காட்சியை ஹமில்டன் மறக்கவில்லை.

அமைச்சராக உருப்படியாக என்ன செய்தார்?

1990 செப்டம்பரில் என்டிபி 130இல் 74 இடங்களை வென்றது, பொப் ரே முதல்வரானார். மக்கென்சி கொண்டுவந்த 40ஆம் இலக்கச் சட்டம் 1993 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தால், அவர்கள் இடத்தில் வேறு ஆளை வைத்து வேலை வாங்க முடியாது. கியூபெக்கில் 1977இலேயே இப்படியொரு தடை வந்துவிட்டது. ஒன்ராறியோவுக்கு இதுதான் முதல்முறை. முதலாளிகள் தரப்பு கடுமையாக எதிர்த்தது. என் பார்வையில் அவருடைய இருபது வருட அரசியலில் பெரிய காரியம் இதுதான்.

ஐயா, அப்பா வேலை செய்த தொழிற்சாலை திவாலானபோது அரசாங்கம் சம்பள பாக்கி கொடுத்ததாகச் சொல்வார். இவர் காலமா?

ஆமாம் மகள், இருக்கலாம். 1991இல் வந்த ஊதியப் பாதுகாப்புத் திட்டம் அது. நிறுவனம் கைவிரித்தால் ஒரு தொழிலாளிக்கு 5,000 டொலர் வரை கிடைத்தது. குறைந்தபட்ச ஊதியமும் 1990இல் மணிக்கு 5.40 டொலரிலிருந்து 1995 ஜனவரியில் 6.85க்கு ஏறியது. அப்புறம் 2004 வரை அது அசையவே இல்லை.

1993இல் அரசு ஊழியர்களின் சம்பளத்தில் கைவைத்த அரசும் இதுதானே?

அதுதான். 200 கோடி டொலர் மிச்சம் பிடிக்க, கையெழுத்தான ஒப்பந்தங்களைத் திறந்து சம்பளமில்லாத விடுமுறைகளைத் திணித்தார்கள். மக்கென்சி அமைச்சரவையிலேயே இருந்தார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் சங்கத்திலிருந்து வந்த ஒருவர் அங்கே அதை எதிர்த்து எழுந்து நின்றிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அந்த 40ஆம் இலக்கச் சட்டம் இப்போதும் இருக்கிறதா?

இல்லை. 1995 தேர்தலில் என்டிபி 17 இடங்களுக்கு இறங்கியது. புதிதாக வந்த மைக் ஹாரிஸ் அரசு அதே ஆண்டு நவம்பரில் அதை நீக்கிவிட்டது. 2025 ஜூனில் கூட்டாட்சி அளவில் இதுபோன்ற தடை வந்தது. ஆனால் அது வங்கி, ரயில், விமானம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளுக்குத்தான். ஹமில்டன் உலைகள் மாகாணச் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கே வேலைநிறுத்தம் நடந்தால் இன்றும் வெளியாளை உள்ளே எடுக்கலாம்.