எச்-1பி சம்பளத்தை 1,30,000 டாலராக்க மசோதா கொண்டுவந்த ஸோ லாஃப்கிரன் இந்தியர்களுக்கு எதிரானவரா?

கேள்வியிலேயே உங்கள் பதற்றம் தெரிகிறது. எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவுக்கான விண்ணப்பம் ஏதாவது நிலுவையில் இருக்கும், இல்லையென்றால் ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள். 2017 ஜனவரி கடைசியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். டிவியில் செய்தி ஓடுகிறது, ஐடி பங்குகள் சரிகின்றன, மாமா நடுராத்திரியில் போன் போட்டு, "என்ன மாப்ள, மூட்டை கட்ட வேண்டியதுதானா?" என்கிறார்.

அந்த மசோதாவை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. எச்-1பி ஆட்களை நம்பியே நடக்கும் கம்பெனிகள், 60,000 டாலர் சம்பளம் காட்டினால் சில கட்டுப்பாடுகளில் இருந்து தப்பிக்கலாம் என்று ஒரு விதி நெடுங்காலமாக இருக்கிறது. அந்தத் தொகையைத்தான் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான லாஃப்கிரன் ஏற்றச் சொன்னார். அதே மசோதாவில், வேலைவழி கிரீன் கார்டில் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற, இந்தியர்களின் காத்திருப்பு வரிசையை நீட்டும் உச்சவரம்பை நீக்கவும் சொல்லியிருந்தார். இந்தப் பாதியை எந்தச் சேனலும் காட்டவில்லை. எப்படியோ, அது சட்டமாகவில்லை.

ஸோ லாஃப்கிரன் அரசியலுக்கு முன் குடியேற்ற வழக்கறிஞர், அந்தச் சட்டத்தைக் கல்லூரியில் கற்பித்தவர். 1995 முதல் சான் ஓசே பகுதியின் ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி. 2019-இல் அவர் கொண்டுவந்த உச்சவரம்பு நீக்க மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் செனட் வேறு வடிவில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்று சேராமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துபோனது. 2022 டிசம்பரில் மறுபடி முயன்றார், வாக்கெடுப்புக்கே வரவில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 1,40,000 கிரீன் கார்டுதான். அதிலேயே மனைவி, பிள்ளைகளையும் எண்ணுகிறார்கள். மொத்தத்தைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினால் மற்ற நாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

நான் இவ்வளவு எழுதக் காரணம் வேறு. கொரோனாவுக்குப் பிறகு என் மனைவியின் எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) வேலை அனுமதி புதுப்பிப்பு மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. பழைய கார்டு காலாவதியானதும் அவள் வேலைக்குப் போக முடியவில்லை. வக்கீலைக் கேட்டால் "காத்திருங்கள்" என்று சொல்லி அதற்கும் பில் அனுப்பினார். கடைசியில் லாஃப்கிரன் அலுவலகத்துக்கு எழுதினோம். ஓட்டுரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. தொகுதியில் குடியிருந்தால் போதும். அவள் சார்பில் விசாரிக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், குடியேற்றத் துறைக்குக் கேட்டு எழுதினார்கள். கொஞ்ச நாளில் கார்டு வந்தது. அவர்களால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பதில் போட்ட ஒரே இடம் அதுதான்.

உடனே "ஜனநாயகக் கட்சிக்குக் கூஜா தூக்குகிறான்" என்று கீழே எழுத ஒருவர் வருவார். ஐயா, எனக்கு இங்கே ஓட்டே கிடையாது. விவசாயக் கூலிகளுக்கான அவருடைய மசோதா பற்றியும் பொதுச்செலவு பற்றியும் எனக்கு வேறு கருத்து உண்டு. அதை இங்கே யாரும் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சல் நம்மவர்கள் மேல்தான். வரிசை நீளாத காலத்தில் ரெண்டே வருஷத்தில் கார்டு வாங்கியவர்கள், பொங்கல் விழாவில் "நாங்கல்லாம் காத்திருக்கலையா தம்பி?" என்று முதுகைத் தட்டுகிறார்கள். அதே விழாவில் நாற்காலி அடுக்கவும் அண்டா கழுவவும் நாங்கள், மேடையில் பொன்னாடை அவர்களுக்கு. இதற்கும் லாஃப்கிரனுக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் விண்ணப்பம் வழக்கமான காலத்தைத் தாண்டிக் கிடந்தால் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு யார் உங்கள் பிரதிநிதி என்று பாருங்கள். எந்தக் கட்சியானாலும் எழுதுங்கள். ரசீது எண்ணை மறக்காதீர்கள், ஒப்புதல் படிவத்தில் விண்ணப்பித்தவரே கையெழுத்துப் போட வேண்டும்.