ஒரே வருஷத்துல டிகிரி: தங்கச்சிமடத்துல இருந்து ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

எனக்கு ஊரு தங்கச்சிமடம். இந்த வருஷம் பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டேன். எங்க வீட்டுல காலேஜுக்குப் போகப்போற மொத ஆளு நாந்தான். அப்பா போட்டுல கூலிக்குப் போறாரு, இப்ப மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால வீட்டுல இருக்காரு. அம்மா கடல்பாசி எடுக்கப் போவாங்க, லீவு நாள்ல நானும் கூடப் போவேன். மூணு வருஷம் ஒரு ரூபா சம்பாதிக்காம படிக்கிறத நெனச்சாலே பயமா இருக்கு. யூடியூப்ல ஒருத்தர் அமெரிக்காவுல பரிட்சை மட்டும் எழுதியே மூணு மாசத்துல 30 கிரெடிட் வாங்கிட்டேன்னு சொல்றாரு. இங்க ராமநாதபுரத்துல ஒரு சென்டர்ல ஒரே வருஷத்துல டிகிரி வாங்கித் தாரோம், பாதிப் பணம் இப்பவே கட்டுங்கிறாங்க. கிரெடிட்னா என்னன்னே எனக்கு சரியாத் தெரியல. சீக்கிரமா முடிச்சுட்டு கவர்மெண்ட் வேலைக்கு எழுதணும். வழி இருந்தா சொல்லுங்க அக்கா. என் பேர் போட வேண்டாம்.

---

தங்கச்சி,

மொதல்ல அந்த சென்டருக்குப் பணம் கட்டாத, அட்வான்ஸ்னு ஐநூறு கூட குடுக்காத. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்.

கிரெடிட்ங்கிறது நீ படிக்கிற நேரத்துக்குப் போடுற கணக்கு, அவ்வளவுதான். காலேஜ்ல ஒரு கிரெடிட்னா ஒரு செமஸ்டர்ல 15 மணி நேரம் கிளாஸ். காலேஜ்களுக்கு விதி போடுற மத்திய அமைப்பான யுஜிசி கணக்குப்படி மூணு வருஷ டிகிரிக்கு கொறஞ்சது 120 கிரெடிட் வேணும், நம்ம ஊர் காலேஜ்கள்ல 140 வாக்குல வரும். மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்னோ மாதிரி தொலைதூரக் கல்வியில கிளாஸ் இல்லாததால நீயா படிக்கிறது, அசைன்மெண்ட் எழுதுறது எல்லாத்தையும் சேத்து ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்னு வச்சிருக்காங்க. இப்ப நீயே பெருக்கிப் பாரு, 120 கிரெடிட்டுக்கு 3,600 மணி நேரம், ஒரே வருஷத்துல முடிக்கணும்னா கிறிஸ்துமஸ், கச்சத்தீவு திருவிழா எதுக்கும் லீவு இல்லாம தெனம் பத்து மணி நேரம் உக்காந்து படிக்கணும். அந்த சென்டர்க்காரன் உன்னய அப்படிப் படிக்க வைக்கப் போறானா? பழைய தேதியில சேந்த மாதிரி ஒரு பேப்பர் காட்டுவான், அவ்வளவுதான். இக்னோவுலயே பி.ஏ.வுக்கு கொறஞ்சபட்சம் மூணு வருஷம். அதுக்குக் கீழ எவன் தாரேன்னாலும், நாளைக்கு டிஎன்பிஎஸ்சி சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல போய் நிக்கப்போறது நீதான், அவன் இல்ல.

யூடியூப்காரர் பொய் சொல்லலம்மா. அமெரிக்காவுல காலேஜ் போர்டுன்னு ஒரு அமைப்பு கிளெப்னு பரிட்சை நடத்துது, மொத்தம் 34 பாடம் இருக்கு. பெரும்பாலும் ஒன்றரை மணி நேரப் பரிட்சை, 20ல இருந்து 80 வரைக்கும் ஸ்கோர், 50 எடுத்தா பெரும்பாலான காலேஜ்ல அந்தப் பாடத்த நீ உக்காந்து படிச்ச மாதிரியே கணக்கு வச்சு மூணு கிரெடிட்டோ அதுக்கு மேலயோ குடுத்துருவாங்க. அங்க ஒரு கிரெடிட்டுக்கு கட்டுற பீஸ் அப்படி, அதனால பரிட்சை எழுதித் தள்ளுறது அவங்களுக்கு காசு மிச்சம். அதுலயும் எந்தப் பரிட்சைய ஏத்துக்கிறது, எத்தனை கிரெடிட் வரைக்கும் விடுறதுங்கிறது அந்தந்த காலேஜ் இஷ்டம். நம்ம காலேஜ்ல அப்படி ஒரு வழி கிடையாது, 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லன்னா பரிட்சை எழுதுறதே சிக்கல்.

சரி, இங்க சட்டப்படி என்னதான் இருக்குன்னு கேப்ப.

ஸ்வயம்னு மத்திய அரசோட ஆன்லைன் படிப்பு 2017ல இருந்து நடக்குது, அதுலயே ஐஐடிகள் நடத்துற என்பிடெல் பாடமும் வரும். பாக்குறது ஓசி, பரிட்சைக்கு மட்டும் 1,000 ரூபா வாக்குல கட்டணும். என்பிடெல்ல 12 வாரப் பாடம் முடிச்சா மூணு கிரெடிட், 8 வாரம்னா ரெண்டு. வாராவாரம் வர்ற அசைன்மெண்டுக்கு 25 மார்க், நேர்ல போய் எழுதுற பரிட்சைக்கு 75. ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் கிரெடிட் வரைக்கும் இப்படி எடுத்துக்கலாம்னு யுஜிசி 2021லயே சொல்லியாச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒரு சிக்கல் உண்டு, இத யாரும் வீடியோவுல சொல்றதில்ல. உன் காலேஜ் அந்தப் பாடத்த உன் சிலபஸ்ல இருக்கிற ஒரு பேப்பருக்கு பதிலா ஏத்துக்கிட்டாத்தான் உனக்கு ஒரு பேப்பர் கொறையும். நெறைய எடத்துல "எக்ஸ்ட்ரா கிரெடிட்"னு தனியா ஒரு வரி போட்டு விட்டுருவாங்க, மார்க் ஷீட்ல அழகா இருக்கும், எழுத வேண்டிய பேப்பர்ல ஒண்ணு கூட கொறையாது. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி உங்க டிபார்ட்மெண்ட் தலைவர், அதான் எச்ஓடி கிட்ட "சார், இது எந்த பேப்பருக்கு பதிலா வரும்?"னு இதே வார்த்தையில கேளு. வாயால சொன்னா பத்தாது, டிபார்ட்மெண்ட் லெட்டர்ல வாங்கிக்க.

இன்னொண்ணு, நல்லாப் படிக்கிற புள்ளைங்க செமஸ்டருக்கு கூடுதல் கிரெடிட் எடுத்து டிகிரிய முன்னாடியே முடிக்கலாம்னு யுஜிசி ஒரு திட்டம் கொண்டு வந்துருக்கு. மூணு வருஷ டிகிரில அதுல மிச்சமாகுறது ஒரு செமஸ்டர்தான், ஆறு மாசம். அதுவும் காலேஜ் விரும்பினா மட்டும், சேர்க்கையில பத்து சதவீதம் பேருக்கு. இத நம்பி திட்டம் போடாத. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னும் 2022ல அனுமதிச்சுட்டாங்க, ஒண்ணு நேர்ல, இன்னொண்ணு தொலைதூரத்துல. மொத வருஷத்துல அதப் பத்தி நெனைக்கவே நெனைக்காத, ரெண்டாவது வருஷத்துல பாத்துக்கலாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாரேன். நம்ம கரையில, தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும், மூணு வருஷ டிகிரிய அஞ்சு வருஷமா இழுத்துக்கிட்டு இருக்கிற புள்ளைங்கள நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவங்க யாரும் மக்கு இல்ல. மொத செமஸ்டர்ல இங்கிலீஷ்லயும், மேஜருக்குத் துணையா வர்ற ஒரு அலைடு பேப்பர்லயும் அரியர் விழும், அடுத்த செமஸ்டர் பேப்பரோட அதையும் சேத்து எழுதணும், அதுல இன்னும் ஒண்ணு விழும், கடைசியில மேஜர் எல்லாம் பாஸாகி ஒரு இங்கிலீஷ் பேப்பருக்காக கான்வகேஷன் பாக்காம உக்காந்துருப்பாங்க. நவம்பர் பரிட்சை வர்ற நேரம் வாடைக்காத்து மழை, போட்டு போகாது, வீட்டுல காசு இருக்காது, பீஸ் கட்டச் சொல்லிக் கேக்கவே கூச்சப்பட்டுக்கிட்டு பரிட்சையே எழுதாம விட்ட புள்ளைய எனக்குத் தெரியும். என்எஸ்எஸ், சுற்றுச்சூழல் பாடம் மாதிரி சும்மா கிடைக்கிற ஒண்ணு ரெண்டு கிரெடிட்ட கூட, அது என்னத்துக்குன்னு விட்டுட்டு கடைசி செமஸ்டர்ல அலையிறவங்க இருக்காங்க. சீக்கிரம் சீக்கிரம்ங்கிறியே, ஆறு செமஸ்டர் ஒரு அரியர் இல்லாம முடிச்சாலே நீ பாதிப் பேர முந்திருவ. ஜூன்ல கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடி இந்தத் தடைக்காலத்துலயே ஒரு மணி நேரம் இங்கிலீஷுக்கு ஒதுக்கு. பாசிக்குப் போறத சனி ஞாயிறோட நிறுத்திக்க. அம்மா வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறையில கையக் கிழிச்சுக்கிட்டு எடுக்கிற பாசி, நீ கிளாஸ விட்டுட்டு போய் நிக்கிறதுக்கு இல்லன்னு அவங்களே சொல்வாங்க, கேட்டுப் பாரு.

காசு விஷயம். தொலைதூரத்துல சேந்தா வேலைக்குப் போயிக்கிட்டே படிக்கலாம்னு உனக்குத் தோணும். ஆனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும்ல, அது காலேஜுக்கு நேர்ல போய் படிக்கிற புள்ளைங்களுக்குத்தான், தொலைதூரத்துக்கு கிடையாது. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும். உங்க ஊர்ப் பக்கம் மிஷன் ஸ்கூல்ல படிச்சவங்களும் நெறையப் பேர் இருப்பீங்க, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியம்னா அவங்களுக்கும் 2024 டிசம்பர்ல இருந்து சேத்துட்டாங்க. உனக்கு ராமேஸ்வரத்துல அப்துல் கலாம் பேருல கவர்மெண்ட் காலேஜே இருக்கு, பாலம் தாண்டாமலே போயிட்டு வரலாம். ராமநாதபுரம் போய் வர்ற நேரத்துல நீ ரெண்டு பாடம் படிச்சுருவ.

அப்புறம் கவர்மெண்ட் வேலைன்னு எழுதியிருந்த. எதுக்கு டிகிரி வரைக்கும் காத்திருக்க? குரூப் 4ல பெரும்பாலான வேலைக்கு பத்தாவது பாஸ் போதும், 18 வயசு ஆகியிருக்கணும், விஏஓ மாதிரி சில வேலைக்கு 21. காலேஜ்ல சேந்துட்டு அந்தப் பரிட்சைய மொத வருஷமே எழுதிப் பாரு. டிகிரி கேக்குறது குரூப் 2 மாதிரி பரிட்சைகள், அதுக்கும் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரின்னு வரிசையா படிச்சிருக்கணும்னு பாப்பாங்க, நீ அந்த வரிசையிலதான் வந்துருக்க, அத அவசரப்பட்டு கெடுத்துக்காத.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு அப்ளிகேஷன் மே மாசம் ஆன்லைன்ல வரும். சேரும்போது ஏபிசி ஐடி கேப்பாங்க, நீ வாங்குற கிரெடிட் எல்லாம் சேருற கணக்கு அது, டிஜிலாக்கர்ல போய் நீயே எடுத்துரலாம். அதுல ஆதார்ல ஒரு பேரும் மார்க் ஷீட்ல ஒரு பேரும் இருந்தா ஒட்டாது. நம்மூர்ல இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அந்தோணிக்கு எந்த ஸ்பெல்லிங்குன்னு ஆளுக்கொரு விதமா எழுதி வச்சிருப்பாங்க. இன்னைக்கே ரெண்டையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு, மாறியிருந்தா ஆதார திருத்தக் குடுத்துரு, அதுக்கு ஆகுற நாளையும் கணக்குல வச்சுக்க. எந்த மேஜர் எடுக்கலாம்னு குழப்பமா இருந்தா உன் பாடவாரி மார்க்கோட இன்னொரு மெயில் போடு.