ஈரத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பண்டாரவளையில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் போய் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டைப் பார்த்து, முற்பணமும் பேசிவிட்டார். மாடிக்கு லிஃப்ட் இல்லை. உடன் வருபவர்கள் இரண்டு பேர்: லயத்துக் காம்பராவிலேயே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையிலேயே) பிறந்து வளர்ந்த 68 வயது அம்மா, இரண்டு வயது மகள். "ஜூலைக் கடைசியில் போய்விடலாம் என்கிறேன். ஆடியில் வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். எப்போது போவது, எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா சொல்வதைக் கேளுங்கள், சகோதரி. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் போங்கள். நாள் நட்சத்திரத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் மலையில் மழைக்கு இரண்டு முகம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் கொட்டுகிறது. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்டாரவளையிலும் பதுளையிலும் வெயிலும் காற்றுமாக இருக்கும். ஒக்டோபரில் அங்கே மழை தொடங்கினால், வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து ஜனவரி வரை விடாது. ஆகவே ஓகஸ்ட் நடுவில் நீங்கள் போய் இறங்கினால், புதுவீட்டைக் காயவைக்க ஒரு மாதமாவது வெயில் கையில் இருக்கும். மலையகத்தில் வீடு மாறுவதென்றால் பாதி வேலை ஈரத்தோடுதான்.

இதிலேயே ஒரு கவலையும் இருக்கிறது. நீங்கள் வீட்டைப் பார்த்தது ஜூனில், அந்த ஊரின் காய்ந்த காலத்தில். அப்போது எந்தச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். முற்பணத்தைக் கையில் கொடுப்பதற்குள் இன்னொரு முறை போய்வாருங்கள். பஸ் செலவு வீணாகாது. இந்தத் தடவை அறைகளின் அளவைப் பார்க்க வேண்டாம், சுவரைப் படியுங்கள். வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களில்தான் மார்கழி மழை அடிக்கும். அவற்றின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பூச்சு உப்பியிருக்கிறதா, வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கிறதா, ஒரு மூலைக்கு மட்டும் புதிதாக நிறம் பூசியிருக்கிறதா? சுவர் அலுமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை வெயிலிலும் முழுதாகப் போகாது. அதுதான் மேல்மாடி என்றால் கூரைத்தளத்தில் மஞ்சள் வட்டங்கள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். கீழ்மாடியில் இருப்பவரிடம் "கார்த்திகை, மார்கழியில் எப்படி?" என்று கேட்டால் வீட்டுக்காரர் சொல்லாததையும் அவர் சொல்வார்.

அப்படியே கட்டடத்தின் பின்பக்கம் நடந்து போங்கள். மண்மேட்டை வெட்டிக் கட்டிய இடமென்றால், தாங்குசுவரில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, சுவர் வெடித்தோ முன்னே தள்ளியோ நிற்கிறதா என்று பாருங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 அன்று. அதுவும் பதுளை மாவட்டம்தான், அதுவும் இந்த மழையின் தொடக்கத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேறுவது. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வீடு தேறிவிட்டால் ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை வெறும் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் சட்டத்தில் நிற்காது. சாவி வாங்கும் நாளில் மின்மானியையும் நீர்மானியையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சாமான்கள். மஸ்கெலியாவில் ஓகஸ்டிலும் எதுவும் சரியாகக் காயாது. காயவைத்துக் கட்டுவோம் என்று காத்திருந்தால் கிளம்பவே மாட்டீர்கள். துணி, கம்பளி, தலையணை, கொப்பி, புத்தகம் எல்லாவற்றையும் தனிப் பைகளில் கட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாக லொறியில் ஏற்றுங்கள். இறக்கும்போது அவை முதலில் இறங்கும். இறங்கியதும் நேரே மொட்டைமாடிக்குப் போகட்டும். இரண்டு நாள் வெயில் பட்ட பிறகுதான் அவை வீட்டுக்குள் வரவேண்டும். பழைய பஞ்சு மெத்தையை விட்டுவிடுங்கள். அதற்குள் இருக்கும் பூஞ்சணம் எந்த வெயிலுக்கும் சாகாது, சின்னப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வரும். காட்போர்ட் பெட்டிகளையும் அதிகம் நம்ப வேண்டாம். லொறி நானுஓயா ஏறி, 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைத் தாண்டித்தான் வெலிமடைக்கு இறங்கவேண்டும். இரண்டு ஊரிலும் வெயில் அடித்தாலும் நடுவில் மூடுபனி நனைத்துவிடும். படங்கு இரண்டு மடிப்பாக வேண்டும். விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். குளிர்சாதனப்பெட்டி இருந்தால் முதல் நாளே நிறுத்தித் துடைத்து, நிமிர்த்தியே கொண்டுபோங்கள்.

பத்திரங்களை மட்டும் லொறியில் போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், அம்மாவின் சேமலாப நிதிப் பத்திரங்கள், அவருடைய கிளினிக் கொப்பி, இவை இரட்டைப் பொலித்தீன் பைக்குள் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கிராம உத்தியோகத்தரைக் கண்டு பதிந்துகொள்ளுங்கள், வாக்காளர் இடாப்பிலும் பெயரை மாற்றுங்கள். பாடசாலையில் தரம் 1 அனுமதியின்போது, அருகில் வசிப்போர் பிரிவில், முந்திய ஆண்டுகளின் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். மகளுக்கு இப்போது இரண்டு வயது, ஆகவே காலம் இருக்கிறது. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, யார் யார் கையோ மாறிக் கிடைத்த கடிதங்களை நினைத்துப் பாருங்கள். இனி உங்கள் பெயருக்கும் கதவு இலக்கத்துக்கும் நேரே கடிதம் வரும். அந்த உரிமையை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தும் சொல்கிறேன். லயத்தில் விறகடுப்பு சமைத்ததோடு நிற்கவில்லை. வீட்டைக் காயவைத்தது அதுதான். அதற்கு மேலே பரணில் விறகும் கருவாடும் காய்ந்தன, பக்கத்துக் கொடியில் ஈரத்துணி காய்ந்தது, அதன் அருகில் அம்மா குளிர் காய்ந்தார். மாடி வீட்டில் அந்த அடுப்பு இல்லை. சமையல் ஆவி, குளியல் ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் சுவரில் போய் ஒட்டும். குளிரென்று ஜன்னலைச் சாத்தியே வைத்தால் மூன்று மாதத்தில் மூலை கறுத்துவிடும். காலையில் அரை மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குளிர் தாங்காமல் அம்மா தணல் சட்டி கேட்பார். பூட்டிய அறைக்குள் அதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். கரிப் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சுடுதண்ணீர்ப் பையும் கம்பளிக் காலுறையும் வாங்கிக் கொடுங்கள்.

அவருடைய அம்மிக்கு இடம் கொடுங்கள். மூன்று மாடி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், ஏற்றலாம். அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டால் கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாது.

காஸ் அடுப்பை மட்டும் போகுமுன்பே வாங்கி, இங்கேயே அம்மாவைப் பழக்குங்கள். புது ரெகுலேட்டர், புதுக் குழாய், சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்ப்பது எல்லாம் அவர் கண்முன் நடக்கட்டும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவையும் ஜன்னலையும் திறக்கவேண்டும் என்பதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக் கொடுங்கள். ஆவணியில் புதுவீட்டில் பால் காய்ச்சும்போது அடுப்பைப் பற்றவைப்பது அவருடைய கையாக இருக்கட்டும்.