பாக்கி இருப்பவருக்குப் புதுக் கார்டு ஏன் மறுக்கப்படுகிறது?

கேள்வி: மாதச் சம்பளம் 42,000 ரூபாய். 1,50,000 ரூபாய் லிமிட் உள்ள கிரெடிட் கார்டில் 1,20,000 பாக்கி. மினிமம் டியூவை (மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. வட்டி குறையுமே என்று பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்காக (பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றுவது) இரண்டு மாதத்தில் நான்கு வங்கிகளில் கார்டு கேட்டேன். நான்கிலும் நிராகரித்துவிட்டார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கே இந்த நிலையா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நாணயத்தில் குறை கண்டு மறுக்கவில்லை. புது வங்கி பார்ப்பது உங்கள் கடன் வரலாற்றையும் ஸ்கோரையும் காட்டும் சிபில் அறிக்கையை. அதில் முதலில் கண்ணில் படுவது, லிமிட்டில் 80 சதவீதத்தை நீங்கள் எடுத்துவிட்டது. 30 சதவீதத்துக்குள், உங்கள் கணக்கில் 45,000 ரூபாய்க்குள், இருப்பதுதான் பாதுகாப்பு. அடுத்தது அந்த நான்கு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றும் என்கொயரியாகப் பதிவாகி ஸ்கோரைக் கொஞ்சம் குறைக்கும். அடுத்தடுத்து நான்கு என்றால், பணத்துக்கு நெருக்கடியில் இருக்கிறார் என்றே படிப்பார்கள். (உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.) போதாக்குறைக்கு, அடமானம் இல்லாத நுகர்வோர் கடனுக்கும் கார்டு பாக்கிக்கும் வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தை 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி உயர்த்தியது; அதனால் இத்தகைய கடன் தர வங்கிகள் தயங்குகின்றன.

ஐந்தாவது வங்கிக்குப் போகாதீர்கள். ஆறு மாதமாவது புது விண்ணப்பம் வேண்டாம். மறுத்த வங்கிகளிடம் குறிப்பான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. ‘வங்கியின் கொள்கைப்படி’ என்று ஒரே வரியில் பதில் வந்தால் மீண்டும் கேளுங்கள்.

இப்போது மினிமம் டியூ. உங்களை அரிப்பது இதுதான். மாதம் 3.5 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய்க்கு வட்டி 4,200. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 756. ஆக 4,956. மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 6,000; அசலில் கழிவது வெறும் 1,044 ரூபாய். இதில் அதே கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால், பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கழிவும் போய்விடும்.

இதே 1,20,000 ரூபாயை 16 சதவீத ஆண்டு வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றிப் பாருங்கள். மாதம் சுமார் 5,876 ரூபாய், வட்டிக்கு ஜி.எஸ்.டி. இருந்தால் அது தனி. ஏறக்குறைய இப்போது கட்டும் அளவுதான், ஆனால் இரண்டே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். இதற்குப் புதுக் கார்டு தேவையில்லை. பாக்கி உள்ள வங்கியிடமே ‘அவுட்ஸ்டாண்டிங்கை இ.எம்.ஐ. ஆக்க வேண்டும்’ என்று கேளுங்கள். பேசும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வட்டி, பிராசசிங் கட்டணம், முன்கூட்டியே முடித்தால் என்ன பிடிப்பார்கள் என்பது. கார்டு இ.எம்.ஐ. வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு; பெர்சனல் லோன் வட்டிக்குக் கிடையாது. மாதத் தவணை முழுவதும் மினிமம் டியூவில் சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீட்டில் நகையோ ஃபிக்ஸட் டெபாசிட்டோ இருந்தால் எங்கள் முதல் தேர்வு அதுதான். டெபாசிட் மேல் வாங்கும் கடனுக்கு வட்டி, டெபாசிட் வட்டியைவிடப் பொதுவாக 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல். நகைக்கடனும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே. அந்தப் பணத்தால் கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்தால் 80 சதவீதம் பூஜ்யமாகும். வங்கி அந்தத் தகவலை அனுப்பியதும் ஸ்கோரும் ஏறத் தொடங்கும். அடைத்த பிறகு அடுத்த ஸ்டேட்மென்ட்டையும் பாருங்கள்: கட்டிய நாள்வரைக்கான மிச்ச வட்டி வரும். அதை விட்டுவிட்டால் மறுபடி பாக்கிதான்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு மூடிய கார்டு, அறிக்கையில் 826 ரூபாய் நிலுவையோடு நிற்கிறது. அதனால்தான் மறுக்கிறார்களா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தொகை சிறிதானாலும் நிலுவை நிலுவைதான், ஸ்கோரை நன்றாகவே இறக்கும். சிபில் தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள், கார்டு கொடுத்த வங்கிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். கார்டை மூடியதற்கான கடிதத்தை இணைக்கவும். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும். சிபில் போலவே கடன் அறிக்கை தரும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவற்றின் அறிக்கைகளிலும் அதே பிழை இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும்.

கேள்வி: 1,20,000 பாக்கிக்கு 60,000 கட்டினால் போதும் என்கிறார் வசூல் ஏஜென்ட். கட்டலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: சம்பளம் வருகிறதென்றால் வேண்டாம். அறிக்கையில் ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என்பதற்குப் பதில் ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழும்; வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அந்தச் சொல்தான் குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லையென்றால், வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் கடைசித் தேதியும் குறிப்பிட்ட கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டுங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கம் வேண்டாம், கார்டு கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். பின்னால் வசதி வரும்போது விடுபட்ட தொகையையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தரும்படி அதே வங்கியிடம் கேட்கலாம்.