கேளுங்கள், சொல்கிறேன்: மாட்டுத்தோலில் தொடங்கிய கலகம்

கேள்வி: ரோமானியர்கள் சாலை போட்டார்கள், சண்டை சச்சரவை அடக்கினார்கள். அப்படியும் அவர்களுக்குக் கீழே இருந்த மக்கள் ஏன் ஓயாமல் கலகம் செய்தார்கள்? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: சாலை போட்டது முதலில் படை போகத்தான் தம்பி. சரி, அது இருக்கட்டும். கப்பம் கட்டுவது அந்தக் காலத்தில் யாருக்கும் புதிதில்லை. போன ராஜாவுக்குக் கட்டியதை வந்த ராஜாவுக்குக் கட்டிவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்த்தார்கள். அந்தப் பொறுமை எந்த இடத்தில் அறுந்தது என்று தேடினால், பல கதைகள் வசூலுக்கு வந்த ஆளின் வாசலில் போய் நிற்கின்றன.

ஃபிரீசியர்களைப் பாருங்கள். ரைன் நதிக்கு அப்பால், இன்றைய நெதர்லாந்தின் கடலோரம் வாழ்ந்த ஏழை ஜனங்கள். ஏழைகள் என்பதால் ரோமத் தளபதி ட்ரூசஸ் அவர்களிடம் பணம் கேட்கவில்லை. படைக்கு வேண்டிய மாட்டுத்தோலைக் கொடுத்தால் போதும் என்றார். எவ்வளவு பெரிய தோல், எவ்வளவு கனம் என்று யாரும் அளக்கவில்லை. வருடக்கணக்கில் இப்படியே ஓடியது. அப்புறம் ஒலென்னியஸ் என்ற படை அதிகாரி பொறுப்புக்கு வந்தான். ராட்சதக் காட்டு மாட்டின் தோல்களைப் பொறுக்கி எடுத்து, இனி இதுதான் அளவு என்றான். ஃபிரீசியர் வீட்டு மாடுகளோ சின்னஞ்சிறியவை.

வரி ஏறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய வரிதான், அளவு மட்டும்தான் மாறியது. முதலில் மாடுகளையே கொடுத்தார்கள், பிறகு நிலத்தை, கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளை அடிமைகளாக. முறையிட்டுப் பார்த்தார்கள், கேட்பாரில்லை. கி.பி. 28-இல் தோல் வசூலிக்க வந்த சிப்பாய்களைப் பிடித்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஒலென்னியஸ் ஒரு கோட்டைக்குள் ஓடித் தப்பினான். அடக்கப் போன படையில் 900 பேர் ஒரு தோப்பில் செத்தார்கள். இன்னும் 400 பேர் ஒரு பண்ணை வீட்டில் சிக்கி, காட்டிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். பேரரசர் டைபீரியஸ் இழப்பை வெளியே சொல்லாமல் அமுக்கிவிட்டார். இத்தனையையும் எழுதி வைத்தவர் டாசிடஸ் என்ற ரோமர். எங்கள் பேராசைதான் காரணம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

கேள்வி: அப்படியானால் நல்ல அதிகாரிகளைப் போட்டிருந்தால் கலகமே வந்திருக்காதா? (ஒரு வாசகி)

பதில்: இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும் அம்மா. ராஜா நல்லவர், அதிகாரிதான் கெட்டவன் என்ற பேச்சு எல்லாப் பேரரசுக்கும் சௌகரியமானது. பிந்துசாரர் காலத்தில் தட்சசீலத்தில் கலகம், அடக்க இளவரசர் அசோகர் போகிறார். ஊர் ஜனங்கள் எதிர்கொண்டு வந்து, "எங்களுக்கு உங்கள் மேலும் கோபமில்லை, மன்னர் மேலும் கோபமில்லை, துஷ்ட அமைச்சர்கள்தான் எங்களை அவமானப்படுத்துகிறார்கள்" என்றார்களாம். பௌத்த நூல் சொல்லும் கதை இது. படையோடு வந்து நிற்பவனிடம் வேறு எதைச் சொல்ல முடியும்? தலை தப்ப வேண்டாமா?

ரோமர் பிடியில் இருந்த பிரிட்டனில் கி.பி. 60 வாக்கில் வெடித்த கலகத்தை ஒரு தனி ஆள் மேல் போட்டுவிட முடியாது. ஐசினி என்ற குலத்தின் மன்னர் பிரசுடாகஸ் சாகும்போது, நாட்டில் ஒரு பங்கை ரோமப் பேரரசர் நீரோவுக்கும் மறு பங்கை இரண்டு மகள்களுக்கும் எழுதி வைத்தார். ரோமர்கள் முழுதையும் வாரிக்கொண்டார்கள். மன்னரின் மனைவி ராணி பூடிகாவைச் சாட்டையால் அடித்தார்கள், மகள்களைச் சீரழித்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி கடன். தத்துவ ஞானி செனெகா, வேண்டாம் என்றவர்களிடமும் திணித்திருந்த 4 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கடனை ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. எளிமையைப் பற்றி அத்தனை எழுதியவர்! இதோடு, கமுலோடுனம் நகரில் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் ஊர்க்காரர்களை வீடு நிலத்திலிருந்து விரட்டிவிட்டு அங்கே குடியேறினார்கள். இறந்துபோன பேரரசர் கிளாடியஸைத் தெய்வமாக்கிக் கட்டிய கோயிலுக்குச் செலவழித்தே உள்ளூர்ப் பிரமுகர்கள் ஓட்டாண்டி ஆனார்கள். கலகக்காரர்கள் முதலில் கொளுத்திய ஊர் அதுதான். மிஞ்சிய சிப்பாய்கள் அந்தக் கோயிலுக்குள் ஒளிந்து இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள்.

கேள்வி: யூதர்கள் கி.பி. 66-இல் ரோமுக்கு எதிராக எழுந்தது மதத்துக்காகத்தானே?

பதில்: மதமும் பணமும் அங்கே ஒரே அறையில் இருந்தன. ரோம ஆளுநர் ஃப்ளோரஸ், சீசருக்கு (பேரரசருக்கு) தேவை என்று சொல்லி ஜெருசலேம் ஆலயக் கருவூலத்திலிருந்து 17 தாலந்து (அந்தக் காலத்துப் பெரிய பண அளவு) எடுத்தான். சில குறும்புக்கார ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "பாவம் ஃப்ளோரஸ், தர்மம் போடுங்க" என்று சில்லறை கேட்டார்கள். கேலி செய்தவர்களை ஒப்படைக்கச் சொன்னான் ஃப்ளோரஸ், நடக்கவில்லை. மேல்சந்தையைச் சூறையாடச் சிப்பாய்களை ஏவினான். பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 3,600 பேர் செத்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அவருடைய எண்ணிக்கைகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். கூடைக் கதையை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன். அந்த மாதிரி நக்கலைக் கற்பனை செய்யும் ஆளல்ல அவர்.

கேள்வி: பழைய மன்னர் செத்த உடனேயே கலகம் வெடிப்பது ஏன்?

பதில்: கோபம் பழையது, சந்தர்ப்பம் புதிது. கி.மு. 705-இல் அசீரிய மன்னர் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் செத்தார். உடலைக்கூட மீட்க முடியவில்லை. அசீரியாவுக்குக் கப்பம் கட்டிவந்த யூதா நாட்டு மன்னர் எசேக்கியா அதை நிறுத்தினார், பாபிலோனும் திமிறியது. கி.மு. 522-இல் பாரசீகத்தில் டேரியஸ் பட்டத்துக்கு வந்தபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் கலகம். ஒரே வருடத்தில் 19 போர், 9 மன்னர்கள் சிறைபிடிப்பு என்று பெஹிஸ்தூன் பாறையில் அவரே வெட்டி வைத்திருக்கிறார். பாபிலோனில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு பேர் கிளம்பினார்கள். இருவருமே, "நான்தான் நெபுகாத்நேச்சர், நபோனிடஸின் மகன்" என்றார்கள். நபோனிடஸ், பாரசீகர் பிடிப்பதற்கு முன் பாபிலோனை ஆண்ட கடைசி மன்னர். முதல் ஆளைக் கொன்ற பிறகும் அதே பெயரோடு இன்னொருவர் வந்து நிற்க முடிந்தது என்றால், ஊர் எதற்குக் காத்திருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஜெயித்த கலகம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து கி.மு. 612-இல் அசீரியத் தலைநகர் நினெவேயையே தரைமட்டமாக்கினார்கள். கி.பி. 9-இல் ஜெர்மானியக் காட்டில் ரோமின் மூன்று லெஜியன்களை (பெரும் படைப்பிரிவுகளை) ஒழித்த அர்மினியஸ், ரோமப் படையிலேயே வேலை பார்த்துக் குடியுரிமை பெற்றவர். கிரேக்க மன்னர் நான்காம் அந்தியோகஸ் யூத வழிபாட்டைத் தடைசெய்ததை எதிர்த்து மக்கபேயர்கள் கி.மு. 167 வாக்கில் எழுந்து, கடைசியில் தனி ஆட்சியே அமைத்தார்கள். அந்த வம்சத்து ஜான் ஹிர்கானஸ் பிறகு தெற்கே இதுமேயாவைப் பிடித்து, அங்குள்ளவர்களிடம், "விருத்தசேதனம் செய்துகொண்டு எங்கள் சட்டப்படி நடந்தால் ஊரில் இருக்கலாம்" என்று உத்தரவு போட்டதையும் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார்.