கம்ப்ளையன்ஸுக்கு மாற்றினால் ஓரங்கட்டுகிறார்கள் என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி - பதில்

நிதித்துறையில் கம்ப்ளையன்ஸ், அதாவது நிறுவனம் சட்டத்தையும் விதிகளையும் மீறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் எல்லோருமே பெண்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், காரணம் கடிதங்களைப் படித்தாலே புரியும்.

ஒரு வங்கியின் ஆபரேஷன்ஸ் பிரிவில் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறேன். இப்போது கம்ப்ளையன்ஸுக்குப் போகச் சொல்கிறார்கள். 'பொறுப்பா இருக்கிறவங்க, உங்களுக்கு அது சரியா வரும்' என்கிறார் மேலாளர். கூட வேலை செய்பவர்களோ, ஓரங்கட்டுகிறார்கள் என்கிறார்கள். நான் சட்டமும் படிக்கவில்லை. போகலாமா மேடம்?

போங்கள். ஆனால் மேலாளர் சொன்ன காரணத்துக்காகப் போகாதீர்கள். 'பொறுப்பானவர்' என்பது கேட்க நன்றாக இருக்கும், பல அலுவலகங்களில் யாரும் தொட விரும்பாத ஃபைல்களை ஒரு பெண்ணின் மேசைக்குத் தள்ளுவதற்கு முன்னால் சொல்லும் வார்த்தையும் அதுதான்.

சட்டம் படிக்காததைக் குறையாக நினைக்க வேண்டாம். சட்டத்துக்கு விளக்கம் தேவைப்பட்டால் சட்டப் பிரிவு இருக்கிறது. கணக்கு தொடங்க வரும் கம்பெனிக்குப் பின்னால் உண்மையான உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது, சிஸ்டம் கொட்டும் அலர்ட்டுகளில் எது வெறும் சத்தம், எது விஷயம் என்று பிரிப்பது, சந்தேகமானதை உரிய அரசு அமைப்புக்கு அறிக்கையாக அனுப்புவது, ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கும் ஆவணத்தைத் தேடி எடுப்பது என்று கம்ப்ளையன்ஸில் ஒரு நாள் ஓடிவிடும். இதற்கெல்லாம் வேலை உள்ளே எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் குறுக்கு வழி போகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது உங்களுக்குத் தெரியும்.

பேரிங்ஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் சிங்கப்பூரில் இருந்த ஒரே வர்த்தகரால் சுமார் 82 கோடி பவுண்டு நஷ்டமாகி, பிரிட்டனின் அந்தப் பழைய வங்கியே மூழ்கியது. வர்த்தகம் செய்தவரே அதைக் கணக்கில் சரிபார்த்து முடிக்கும் பிரிவையும் கையில் வைத்திருந்தார், நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். இரண்டு வேலையும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று 1994லேயே உள் தணிக்கை எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆபரேஷன்ஸில் நாலு வருடம் இருந்தவருக்கே இது பார்த்த உடனே உறுத்தும், அதற்குச் சட்டப் பட்டம் வேண்டாம்.

ஓரங்கட்டும் இடமா என்பது உங்கள் வங்கியைப் பொறுத்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள். பதவி உயர்வோடு வெளியே வந்தவர் ஒருவராவது இருந்தால் கவலை இல்லை. ஒருவருமே இல்லையென்றால் இரண்டு மூன்று வருடம் கற்றுக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள், இந்த அனுபவத்துக்கு வெளியே நல்ல மதிப்பு உண்டு.

கம்ப்ளையன்ஸ் மேலாளராக இருக்கிறேன். சேல்ஸ் ஆட்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டுக்கட்டை'. எனக்கு முன்னால் இருந்தவர் ஆண், நான் சொல்லும் அதே ஆட்சேபங்களைத்தான் அவரும் சொன்னார், அவரை 'கண்டிப்பான ஆபீசர்' என்றார்கள்!

பெயர் வைப்பதை நிறுத்த என்னிடம் வழி இல்லை. சிரித்து மழுப்பாமல், 'எந்த விஷயத்தில் முட்டுக்கட்டை போட்டேன், சொல்லுங்கள்' என்று மீட்டிங்கிலேயே கேளுங்கள், பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். எந்தக் கட்டத்தில் 'முடியாது' என்கிறீர்கள்? விளம்பரம் தயாராகி, டார்கெட்டும் பிரித்துக் கொடுத்த பிறகு போய்ச் சொன்னால் யாராக இருந்தாலும் கடுப்பாவார்கள். புதுத் திட்டம் பேச்சளவில் இருக்கும்போதே உள்ளே போய் உட்காருங்கள். 'இது கூடாது' என்பதோடு நிறுத்தாமல் எந்த விதி, எதை மாற்றினால் செய்யலாம் என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். விதி திட்டவட்டமாகத் தடுக்கிற விஷயத்தில் பேரம் கிடையாது. இப்படியும் அப்படியும் முடிவெடுக்க இடமுள்ள விஷயத்தில் அவர்கள் பிடிவாதமாக இருந்தால், 'ரிஸ்க்கை நாங்கள் ஏற்கிறோம்' என்று பிரிவுத் தலைவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த நிமிடத்தில் பலருக்கு வேறு அவசர வேலை வந்துவிடும்.

டார்கெட்டை மட்டும் பார்த்து ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டால் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைச் சொல்லுங்கள். விற்பனை இலக்கை எட்ட ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள், 2016இல் வங்கிக்கு விழுந்த அபராதம் 18.5 கோடி டாலர். அது தொடக்கம்தான்.

ஒரு நிதி நிறுவனத்தில் தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரி பதவி தருகிறேன் என்கிறார்கள். சம்பளம் நன்றாக இருக்கிறது. அந்த நிறுவனத்தின் முதல் பெண் தலைமை அதிகாரி நான்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சம்மதிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

'முதல் பெண்' விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முன்பு இருந்தவர் ஏன் போனார்? இதுதான் முதல் கேள்வி. முடிந்தால் அவரிடமே பேசுங்கள். நிறுவனம் ஏற்கெனவே சிக்கலில் இருந்து, அதைச் சுமக்க ஒரு ஆள் தேடுகிறார்களா என்று தெரிய வேண்டும். கடைசியாக நடந்த ஆய்வில் என்னென்ன குறைகள் எழுதப்பட்டன, எத்தனை இன்னும் சரி செய்யப்படவில்லை என்று கேளுங்கள். ரகசியம், வேலையில் சேர்ந்தபின் காட்டுகிறோம் என்றால், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

அடுத்தது, யாருக்குக் கீழே வேலை செய்வீர்கள். சேல்ஸ் தலைவருக்கோ நிதித் தலைவருக்கோ கீழே என்றால் வேண்டாம். தினசரி வேலைக்கு சிஇஓவிடம் போகலாம், ஆனால் இயக்குநர் குழுவை அவர் இல்லாமல் தனியே சந்திக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். இது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள். கம்ப்ளையன்ஸ் பிரிவு சுதந்திரமாக இருக்க வேண்டும், தலைமை அதிகாரி இயக்குநர் குழுவை நேரடியாக அணுக முடிய வேண்டும் என்று பல நாட்டு வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்த பாசல் குழு 2005லேயே வெளியிட்ட ஆவணம் சொல்கிறது.

அந்த வழி எதற்கு என்று வேர்ல்ட்காம் கதையில் பார்க்கலாம். அது வங்கி இல்லை, தொலைத்தொடர்பு நிறுவனம். உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர், செலவுகளை முதலீடாகக் காட்டிய கணக்குகளை 2002இல் நோண்டத் தொடங்கியபோது, இப்போது வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்றார் நிதித் தலைவர். கூப்பர் நேரே இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போனார். வெளியே வந்தது 380 கோடி டாலர் மோசடி, பின்னால் அது இன்னும் பெருகியது. அப்படிப் போக ஒரு வழி இல்லாதிருந்தால் அவர் நிதித் தலைவரோடு வாக்குவாதம் செய்துகொண்டே இருந்திருப்பார்.

உங்கள் போனஸ் விற்பனையோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது. உங்களை நீக்குவதென்றால் இயக்குநர் குழு முடிவெடுக்க வேண்டும். ஆள் பலம், பட்ஜெட் இரண்டையும் எண்ணாகவே கேளுங்கள், 'பார்த்துக்கலாம்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், தப்பு நடந்தால் நிறுவனம் மட்டும் மாட்டிக்கொள்ளும் காலம் போய்விட்டது. அமெரிக்காவில் பணம் அனுப்பும் நிறுவனமான மணிகிராமின் முன்னாள் தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு, மோசடிக்கு உடந்தையான ஏஜென்ட்டுகளை நீக்கத் தவறினார் என்று 2014இல் தனிப்பட்ட முறையில் 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். 2017இல் வழக்கு 2.5 லட்சம் டாலரில் முடிந்தது, கூடவே பணப் பரிமாற்ற நிறுவனங்களில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்க மூன்று வருடத் தடை. பிரிட்டனிலும் 2016 முதல் வங்கிகளின் மூத்த பொறுப்பாளர்கள் தங்கள் எல்லைக்குள் நடப்பதற்குத் தாங்களே பதில் சொல்ல வேண்டும், கம்ப்ளையன்ஸ் தலைவரும் அதில் அடக்கம். ஆகவே அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா, வேலையை விட்ட பிறகும் அது செல்லுமா என்று பாருங்கள். உங்கள் எச்சரிக்கை மீட்டிங் மினிட்ஸில் ஏறியதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள், ஏறவில்லையென்றால் அன்றைக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

இதில் பாதிக்கு அவர்கள் முகம் சுளித்தால் சம்பளத்தை மறந்துவிடுங்கள்.

சான்றிதழ் படிப்பு அவசியமா?

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பில் 'கேம்ஸ்' சான்றிதழை உலகம் முழுக்க அறிவார்கள். நேர்காணல் வரை கொண்டுவிடும், அதோடு சரி. கட்டணத்தை நிறுவனம் கொடுத்தால் உடனே எழுதுங்கள்.

குழந்தைக்காக ஐந்து வருடம் வேலையை விட்டிருந்தேன். இந்தத் துறைக்கே திரும்ப நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

இடைவெளி விழுந்ததற்கு விளக்கம் எழுதி ஒரு பக்கத்தை வீணாக்காதீர்கள், ஒரு வரி போதும். ஒழுங்குமுறை அமைப்புகள் தங்கள் தளங்களில் போடும் அபராத உத்தரவுகளில் சமீபத்திய பத்து பதினைந்தை எடுத்து முழுசாகப் படியுங்கள். எந்த அலர்ட்டைப் பார்க்காமல் விட்டார்கள், யார் தெரிந்தும் சும்மா இருந்தார் என்பது வரை இருக்கும், எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு கிடைக்காது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க நாடுகளுக்கு விதிமுறை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் பரிந்துரைகள் 40, அவற்றில் நீங்கள் போன பிறகு திருத்தியவை எவை என்று பாருங்கள், குறிப்பாக கிரிப்டோ, உண்மையான உரிமையாளர் பற்றியவை. தலைமைப் பதவிக்கே நேராக விண்ணப்பிக்காமல் பரிவர்த்தனைக் கண்காணிப்பிலோ வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்க்கும் கேஒய்சி மறு ஆய்விலோ மேற்பார்வையாளராக நுழையுங்கள், பழைய ஃபைல்கள் தேங்கிக் கிடக்கும் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.